பேர்பனும் றையும்: பெயர் மறைத்த சுவை

மதுவைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவது தகுமா என்று கேட்பவர் இருப்பர். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய திருக்குறளைப் படித்தும் படிப்பித்தும் வாழ்ந்தவன் நான். அதே வேளையில், அதியமான் ஔவையோடு கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தியைப் புறநானூறு மறைக்கவில்லை என்பதையும் மாணவர்க்குச் சொல்லியே வந்தேன். இக்கட்டுரை எவரையும் குடிக்குமாறு தூண்டுவதற்கன்று. ‘இது நன்று, அது நன்றன்று’ என்று நாம் நாள்தோறும் வழங்கும் தீர்ப்புகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதே என் கேள்வி. அக்கேள்வியை எனக்குள் எழுப்பியது ஏதேனுமொரு காவியமாக இருந்திருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன். எழுப்பியவை நான்கு சிறு கிளாஸ்களில் ஊற்றப்பட்ட அமெரிக்க விஸ்கிகள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் நேர்மை. என் சிறிய தந்தையார் குடியால் அழிந்தவர். நாற்பத்தாறாம் வயதில் அவரைச் சுடலைக்குக் கொண்டு சென்றபோது நான் பாடசாலை மாணவன். அன்றுதொட்டு மதுவின் ‘நயம்’ பேசுவோரைக் கண்டால் எனக்கு உள்ளூர ஓர் அருவருப்பு உண்டு. குடியன் வெறுமனே குடிக்கிறான், கற்றவன் அதற்குச் சொல் அலங்காரமும் செய்கிறான், வேறுபாடு அவ்வளவே என்று கருதியிருந்தேன். அறுபது வயது கடந்தபின் அக்கருத்தின் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. ஒரு பகுதியை மட்டுமே.

ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே சின்சினாற்றி என்றொரு நகர் உண்டு. ஒஹாயோ ஆறே அதன் தெற்கெல்லை. பாலத்தைக் கடந்தால் கென்ரக்கி மாநிலம். அந்நகரில் பொறியியலாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்திலே சில வாரங்கள் தங்கியிருந்தேன். மாதமொரு முறை நண்பர் இருவரை அழைத்து, நான்கு வகை விஸ்கிகளைச் சிறிதளவு ஊற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம். விருந்தினனாகிய நானும் அந்த மேசையில் அமர்த்தப்பட்டேன். மறுப்பதற்கு எனக்குக் காரணம் இருந்தது. அறியும் ஆவல் அதை வென்றது.

ஒரே ஓர் எண்

பேர்பன், றை எனும் இரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை முதலில் விளக்க வேண்டும். விஸ்கி செய்யும் முறை சுருக்கமாக இது: தானியத்தை அரைத்து நீரில் வேகவைப்பர். முளைகட்டிய பார்லியிலுள்ள நொதியங்கள் அதன் மாப்பொருளைச் சீனியாக்கும். மதுவம் அச்சீனியை உண்டு மதுசாரமாக்கும். அந்த நொதியை வாலையிலிட்டு வடித்து, ஓக் மரப் பீப்பாவில் ஊற்றி முதிரவிடுவர்.

அமெரிக்கச் சட்டப்படி பேர்பனுக்கு வேண்டிய தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளமாக இருத்தல் வேண்டும். றை விஸ்கிக்கு 51 வீதம் றை என்னும் தானியம் வேண்டும். ஏனைய விதிகள் இரண்டுக்கும் பொது. வடிக்கும்போது மதுசாரம் 80 வீதத்தை மீறலாகாது. பீப்பாவில் ஊற்றும்போது 62.5 வீதத்தை மீறலாகாது. பீப்பா புதிய ஓக் மரத்தாலானதாகவும், உட்புறம் நெருப்பால் கருக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். போத்தலில் அடைக்கையில் மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையலாகாது. ‘ஸ்ரெயிற்’ என்ற அடைமொழி வேண்டுமாயின் இரண்டாண்டேனும் முதிர்ந்திருக்க வேண்டும். பேர்பனை அந்நாட்டுக்கே உரிய தனிப்பொருள் என அமெரிக்கக் காங்கிரஸ் 1964ஆம் ஆண்டு தீர்மானித்தது. அது கென்ரக்கியில்தான் செய்யப்பட வேண்டும் என்ற விதி இல்லை. அந்நாட்டின் எப்பகுதியிலும் செய்யலாம்.

ஆகவே, சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் நடுவே நிற்பது தானியக் கணக்கில் ஒரே ஓர் எண். ஆனால் அந்த எண்ணின் பின்னே இரு வேறு மண்ணின் வரலாறு இருக்கிறது. றை குளிரையும் மெலிந்த நிலத்தையும் தாங்கி வளரும் தானியம். பென்சில்வேனியா, மேரிலாந்து ஆகிய கிழக்கு மாநிலங்களிற் குடியேறிய ஜேர்மானியர் முதலியோர்க்குத் தம் பழைய நாட்டிலேயே பழக்கமானது. சோளமோ அமெரிக்கப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பேணி வளர்த்த தானியம். மலைத்தொடரைக் கடந்து மேற்கே கென்ரக்கிக்குச் சென்றவர்க்கு அந்நிலம் சோளத்தையே வாரி வழங்கிற்று. அங்குள்ள நீர் சுண்ணாம்புக்கற் பாறையூடாக ஊறி வருவது. அந்நீரில் இரும்புச் சத்து மிகக் குறைவு. இரும்பு கலந்தால் வடிநீரின் நிறமும் சுவையும் கெடும். சுண்ணாம்புக்கல்லின்மேல் கிணறு தோண்டி வாழும் யாழ்ப்பாணத்தவர்க்கு, நிலத்தின் கல் நீரின் சுவையாவதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சோளம் மென்மையும் இனிமையும் தரும் என்றும், றை காரமும் வறட்சியும் தரும் என்றும் பொதுவாகச் சொல்வர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வடித்தெடுத்த மதுசாரத்தில் சீனி வருவதில்லை. பேர்பனில் இனிப்பூட்டுவதற்கோ மணமூட்டுவதற்கோ எதனையும் சேர்க்கவும் கூடாது. எனினும் அதை வாயிலிட்டவர் ‘இனிக்கிறது’ என்கிறார். கருக்கிய ஓக் மரத்திலிருந்து வனிலாவின் மணமும், தேங்காயை நினைவூட்டும் மணமும், காய்ச்சிய சீனிப்பாகின் மணமும் அதில் ஊறியிருக்கின்றன. மூக்கு இனிப்பை நினைவுகூர்கிறது, பழி நாவின்மேல் விழுகிறது. சுவை என்று நாம் சொல்வதில் நினைவுக்கு எவ்வளவு பங்குண்டு என்பதற்கு இது முதற்சான்று.

நான்கு கிளாஸ்கள்

முதல் நாள் மாலை போத்தல்களை மேசைமேல் வரிசையாக வைத்தே சுவைத்தோம். என் மாணவர் அவற்றை ஒரு படிக்கட்டுப்போலத் தெரிந்தெடுத்திருந்தார். முதலாவது, 75 வீதம் சோளமும் 13 வீதம் றையும் கொண்ட பேர்பன். இரண்டாவதும் பேர்பனே, ஆனால் அதில் றை 35 வீதம். மூன்றாவது, கென்ரக்கியிற் செய்யப்பட்ட றை விஸ்கி. சட்டம் கேட்கும் 51 வீதத்துக்குமேல் ஒரு வீதமும் கூடாதது. நான்காவது, 95 வீதம் றையும் எஞ்சியது பார்லியுமாக இந்தியானா மாநிலத்தில் வடிக்கப்பட்டது. படிப்படியாகச் சோளம் இறங்க, றை ஏறுகின்றது.

மூன்றாவது போத்தலின் தாளில் ‘றை’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. அதைச் சுவைத்ததும், “ஆகா, மிளகின் காரம்! பேர்பனிலிருந்து எவ்வளவு தூரம்!” என்றேன். மற்றவர்களும் ஆமோதித்தனர். அன்றிரவு எனக்குச் சிறிது பெருமை. ஒரு மாலைப் பொழுதிலேயே ஒரு கலையின் வாசலை எட்டிவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் மாலை போத்தல்கள் மேசையில் இல்லை. ஒரே அளவான நான்கு கிளாஸ்கள், அடியில் ஒட்டிய சிறு இலக்கங்கள், ஆளுக்கொரு தாள், பென்சில். ஒவ்வொரு கிளாஸிலும் ஏறத்தாழ 15 மில்லிலீற்றர், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு. யாவும் ஒரே செறிவுக்கு நீர்சேர்த்துக் குறைக்கப்பட்டிருந்தன. இது முக்கியம். 50 வீத மதுசாரமுள்ளதையும் 40 வீதமுள்ளதையும் அப்படியே அருகருகே வைத்தால், நாவை எரிக்கும் ஒன்றைத் ‘தரமானது’ என்று மயங்கிவிடுவோம். 50 வீதத்தில் 20 மில்லிலீற்றருக்கு 5 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் அது ஏறத்தாழ 40 வீதமாகும். நீர் சேர்ப்பதால் மணம் கெடும் என்பதும் சரியன்று. விஸ்கியின் மணப்பொருள்களுள் ஒன்றான குவாயக்கோல், மதுசாரச் செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது என்று சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் 2017ஆம் ஆண்டு கணினிக் கணிப்பினாற் காட்டினர். மேற்பரப்புக்கு வந்த மணமே மூக்கை எட்டும்.

முறையும் எளியது. கிளாஸை மூக்கருகே கொணர்ந்து, வாயைச் சிறிது திறந்தபடி மெல்ல மணக்க வேண்டும். ஆழ மூச்சிழுத்தால் மதுசாரம் மூக்கை மரக்கச் செய்துவிடும். பின்னர் ஒரு துளி நாவில் பரவட்டும். அடுத்ததற்குமுன் நீரும் உப்பில்லாத பிஸ்கற்றும். அருகே ஒரு வெற்றுக் கோப்பை இருக்கும், துப்புவதற்கு. தொழில்முறைச் சுவைஞர் பெரும்பாலும் துப்பியே விடுவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஒன்றாவதையும் நான்காவதையும் மேசையிலிருந்த அனைவரும் சரியாகவே பிரித்தறிந்தோம். ஒன்றாவது வனிலாவும் சீனிப்பாகுமாக அமைதியாக இருந்தது. நான்காவதைக் கிட்டக் கொண்டுவந்தாலே கராம்பும் பெருஞ்சீரகமும் கலந்தாற்போல ஒரு பச்சை மணம். நடுவிலிருந்த இரண்டில்தான் தடுமாறினோம். நான் மிக உறுதியாக ஒன்றின்கீழ் ‘பேர்பன், மென்மை’ என்று எழுதினேன். இலக்கம் திருப்பிப் பார்க்கப்பட்டது. முதல் நாள் நான் மிளகின் காரம் கண்ட அதே றைதான் அது.

“நேற்று இதைத்தானே சேர் காரம், காரம் எண்டு சொன்னியள்? இண்டைக்குப் பேர்பன் எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்” என்று என் மாணவர் சிரித்தார். அவருடைய நண்பர்களும் தவறியிருந்தனர் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை. நாற்பதாண்டு காலம் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். ஒரே நூலுக்கு ஒருநாள் ஒரு புள்ளியும் மறுநாள் வேறு புள்ளியும் இட்டவனை என்ன சொல்வது?

அப்போது அடுக்களையிலிருந்து வந்த அவருடைய மனைவியையும் அழைத்தோம். “நான் குடிக்கமாட்டன் சேர், மணந்து பாக்கிறதெண்டாற் பாக்கிறன்” என்றார். அவருக்கு மூன்று கிளாஸ் முறை வைக்கப்பட்டது. மூன்றில் இரண்டு ஒரே விஸ்கி, ஒன்று வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவிலிருந்த அந்த இரண்டையே கொடுத்தோம். ஒரு துளியும் நாவிற் படாமல், மூக்கினாலேயே இரு முறையும் சரியாகப் பிரித்துக் காட்டினார். தற்செயலாக இரு முறை சரிவருவதற்கு ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்று அவருடைய கணவர் கணக்குச் சொன்னார். இருக்கட்டும். சரக்குத் தூளின் மணத்தைக் கொண்டே எது கூடியது, எது குறைந்தது என்று நாள்தோறும் அறிபவரின் மூக்கை நான் அக்கணக்குக்குமேல் நம்புகிறேன். நுண்சுவை அறிவதற்குக் குடியனாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை என்பதை அவர் ஒரு நிமிடத்தில் நிறுவிவிட்டார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? சட்டம் 51 என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அக்கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் நிற்கும் இரண்டு விஸ்கிகள் நாவுக்கு உடன்பிறந்தார்போல இருக்கின்றன. ஒரே பெயரைத் தாங்கிய இரண்டு றைகளோ ஒன்றுக்கொன்று அந்நியமாக நிற்கின்றன. இது முழுவதும் தானியத்தின் செயல் என்றும் சொல்லேன். மதுவமும், பீப்பாவும், அது கிடந்த இடத்தின் வெப்பமும், ஆண்டுகளும் சேர்ந்தே ஒரு விஸ்கியை ஆக்குகின்றன. வகைப்பெயர் பயனற்றது என்பதன்று என் கருத்து. வகைப்பெயர் ஒரு வழிகாட்டி மட்டுமே. அதைத் தீர்ப்பாகக் கொள்வதே பிழை.

பெயரை மறைத்த பேராசிரியர்

இலக்கிய ஆசிரியர்களுக்கு இந்தச் சோதனை புதிதன்று. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து ஐ. ஏ. றிச்சர்ட்ஸ் தம் மாணவரிடம் கவிதைகளை ஆசிரியர் பெயரின்றிக் கொடுத்து, கருத்தை எழுதித் தருமாறு கேட்டார். 13 கவிதைகளுக்கு வந்த அக்கருத்துகளை ஆராய்ந்து 1929ஆம் ஆண்டு நூலாக்கினார். போற்றப்பட்ட கவிஞர் சிலர் அம்மாணவரால் இகழப்பட்டதும், எளிய கவிதைகள் வானளாவப் புகழப்பட்டதும் அந்நூல் கண்டவை. நம் பல்கலைக்கழகங்களில் அந்நூலை விரிவுரைக் குறிப்பாக எழுதிக்கொண்டவர் பலர். அதன்படி நடந்து பார்த்தவர் எத்தனை பேர்?

நம்மிடையே ஒரு சிறுகதைத் தொகுதி வெளிவருகிறது. அட்டையில் யார் பெயர், எந்த அணியைச் சேர்ந்தவர், முன்னுரை யாருடையது என்பவற்றை முதலிற் பார்க்கிறோம். அதன்பின் நாம் எழுதும் மதிப்புரையில் ‘மிளகின் காரம்’ தானாகவே வந்து விழுகிறது. நான் இவ்வாறு பிறரைக் குற்றஞ்சாட்டவில்லை. நானே செய்திருக்கிறேன். கவியரங்குகளில் தலைமை வகித்தவரின் சாதாரணமான வரிக்குத் தலையாட்டியிருக்கிறேன். பெயரறியாத இளைஞரின் நல்ல வரியைக் கைதட்டலின்றிக் கடந்திருக்கிறேன். சின்சினாற்றியில் என் தாளில் விழுந்த பிழை அங்கே பிறந்ததன்று.

எனவே என் முதலாவது துணிபு: எதனையும் முதன்முறை பெயரின்றி அணுகிப் பழக வேண்டும். தனித்து அணுகுவதும் போதாது, ஒன்றை இன்னொன்றின் அருகே வைத்தே அணுக வேண்டும். ஒரு கிளாஸை மட்டும் கொடுத்தால் நானும் ‘நன்று’ என்றுதான் சொல்வேன். இரண்டாவது கிளாஸ் வந்தபின்னரே முதலாவதைப் பற்றி ஏதாவது சொல்ல முடிகிறது.

நாவுக்குத் தெரியாதவை

ஆனால் இங்கேயே நின்றுவிடுவோமாயின், இன்னொரு பிழைக்குள் விழுவோம். பெயரை முற்றாக மறந்துவிடுங்கள், நாவே நீதிபதி என்பவரோடும் எனக்கு உடன்பாடில்லை. நாவுக்குத் தெரியாதவை பல.

ஜோர்ஜ் வாஷிங்ரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சனாதிபதியாக இருந்தபோது, அமைச்சர் அலெக்சாண்டர் ஹமில்ற்றனின் திட்டப்படி விஸ்கிமீது 1791ஆம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. மேற்குப் பென்சில்வேனியாவின் றை விவசாயிகள் எதிர்த்தெழுந்தனர். மலைப்பாதையில் தானியத்தைச் சுமந்து செல்வதிலும் விஸ்கியாக்கிச் சுமப்பதே அவர்களுக்கு இயல்வதாக இருந்தது. பணத்துக்குப் பதிலாகவும் அது வழங்கிற்று. 1794ஆம் ஆண்டு ஏறத்தாழ 13,000 படையினரைத் திரட்டிச் சனாதிபதியே புறப்பட்டுச் சென்று அக்கிளர்ச்சியை அடக்கினார். பதவியை விட்ட 1797ஆம் ஆண்டிலே, தம் பண்ணையின் மேற்பார்வையாளரான ஸ்கொத்லாந்துக்காரர் ஜேம்ஸ் அண்டர்சனின் யோசனைப்படி, வேர்ஜீனியாவில் தாமே விஸ்கி வடிக்கத் தொடங்கினார். 60 வீதம் றை, 35 வீதம் சோளம், 5 வீதம் பார்லி. 1799ஆம் ஆண்டு அங்கே ஏறத்தாழ 11,000 கலன் வடிக்கப்பட்டது. அந்நாட்டின் மிகப் பெரிய வடிசாலைகளுள் அதுவும் ஒன்று. அங்கே வாலையருகே நின்று வெந்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்கர். அவ்வடிசாலையை இன்று மீளக் கட்டி, மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே வடித்த றையை நாவிலிட்டால் காரம் தெரியலாம். அந்த ஆறு மனிதரின் பெயர் நாவுக்குத் தெரியுமா?

இன்னொன்று. ரெனசி மாநிலத்து ஜாக் டானியலின் பெயர் உலகறிந்தது. அவருக்கு வடிக்கும் வித்தையைக் கற்பித்தவர் நியறஸ்ற் கிறீன் என்ற ஆபிரிக்க அடிமை. அவ்வட்டாரத்தார் அறிந்திருந்த இச்செய்தி பெருமளவில் வெளியுலகுக்குத் தெரியவந்தது 2016ஆம் ஆண்டிலேதான். மாறாக, பீப்பாவைக் கருக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் எலைஜா கிறெய்க் என்னும் மதபோதகரே என்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. வரலாற்றாசிரியர் அதற்குச் சான்று காணவில்லை. போத்தற் பெயர்களில் இடம்பிடிக்கும் கதைகளும் இடம்பெறாத மனிதரும் ஒரு சமூகத்தின் நினைவு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டுகின்றன.

தாளில் உள்ளதும் இல்லாததும் வணிகத்திலும் உண்டு. சின்சினாற்றியிலிருந்து ஆற்றின் வழியே சிறிது கீழே சென்றால் இந்தியானா மாநிலத்து லோறன்ஸ்பேர்க் வருகிறது. அங்குள்ள ஒரு பெரிய வடிசாலையில் வடித்த 95 வீத றையை வாங்கி, பற்பல நிறுவனங்கள் பற்பல பெயர்களில், பாட்டன் பூட்டன் கதைகளோடு போத்தலில் அடைத்து விற்று வந்துள்ளன. விலைகள் வேறு, கதைகள் வேறு, பிறந்த வாலை ஒன்று. கனடாவிலோ, ‘றை’ என்று பெயரிடுவதற்குக் குறித்த அளவு றை இருந்தாக வேண்டும் என்ற விதியே இல்லை. இவற்றையெல்லாம் நாவு சொல்லாது. தாளையும், தாளின் பின்புறத்துச் சிற்றெழுத்தையும், சட்டத்தையும் படித்தவனே அறிவான். அமெரிக்காவில் 1897ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்ததும் இதனாலேயே. நிறமும் மணமும் ஊட்டிய மதுசாரத்தை முதிர்ந்த விஸ்கியென விற்றவரிடமிருந்து குடிமக்களைக் காக்க, ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து, நான்காண்டேனும் அரசின் மேற்பார்வையில் முதிரவைத்து, 50 வீத மதுசாரத்தில் அடைத்ததற்கே உரிய முத்திரை ஒன்றை அரசு அளித்தது. பெயர் பொய் சொல்வதுண்டு என்பதால் பெயரை ஒழிக்கவில்லை. பெயரை உண்மை பேச வைத்தார்கள்.

சுவைகூட வரலாற்றின் கையில்தான் இருக்கிறது. 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்குக் காலத்தில் வடிசாலைகள் மூடப்பட்டன. மீளத் திறந்தபோது சோளம் முந்திக்கொண்டது. கிழக்கு மாநிலங்களின் பழைய றை படிப்படியாகத் தேய்ந்து, நூற்றாண்டின் இறுதியில் மறைந்தொழியும் நிலையை எய்திற்று. கென்ரக்கியில் ஒருசில வடிசாலைகளே ஆண்டில் சில நாட்கள் அதை வடித்து உயிரோடு வைத்திருந்தன. இந்த நூற்றாண்டில் அது மீண்டும் தளிர்த்துப் பழைய மாநிலங்களிலும் வடிக்கப்படுகின்றது. இடைப்பட்ட இரு தலைமுறையினர்க்கு விஸ்கி என்றால் இனிமை என்பதே பழக்கமாயிற்று. அவர்கள் றையைக் ‘கரடுமுரடு’ என்றால், அது றையின் குறையா, அவர்களுக்குக் கிடைக்காதுபோன ஒப்பீட்டின் குறையா?

ஆகவே என் இரண்டாவது துணிபு: பெயரின்றிச் சுவைத்தபின் பெயரைக் கேட்க வேண்டும். யார் ஆக்கியது, எம்மண்ணில், எவருடைய உழைப்பில், எதை மறைத்து என்றெல்லாம் கேட்க வேண்டும். நம் விமரிசகருள் ஒரு சாரார் சுவையே போதும் என்கின்றனர். இன்னொரு சாரார் சமூகப் பின்னணியே போதும் என்கின்றனர். முன்னவர் போத்தலைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பின்னவர் கிளாஸை மணந்து பார்ப்பதில்லை. இரண்டும் வேண்டும், அதுவும் இந்த வரிசையில் வேண்டும். வரலாற்றை முதலிற் படித்தவனுக்குப் பின்னர் நாவு அதையே திருப்பிச் சொல்லும்.

அளவு

இறுதியாக என் சிறிய தந்தையாரிடம் திரும்புகிறேன். மதுசாரத்தைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1988ஆம் ஆண்டே சேர்த்துவிட்டது. உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பணியகம் 2023ஆம் ஆண்டு தெளிவாகச் சொன்னது. இதை மறைத்துச் சுவை பேசுவது, போத்தலின் தாளில் பொய் அச்சிடுவதற்கு ஒப்பாகும். குடியாதவர் குடியாமலே இருப்பது நன்று. சுவைத்துப் பார்ப்பவரும் துப்பிவிடுவது நன்று. குடியை விட முயல்பவர் இருக்கும் வீட்டில் இந்த மேசையையே விரிக்கலாகாது.

எனினும் அந்த மேசையில் ஒன்றைக் கண்டேன். மூன்றாவது கிளாஸுக்குப் பின் எவருடைய நாவும் மந்தமாகத் தொடங்கிவிடுகிறது. நான்குக்குமேல் ஒப்பிடுவது வீண். ஒப்பிட விரும்புகிறவன் தன்னைத் தெளிவாக வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். மயங்க விரும்புகிறவனுக்கு எது கிளாஸில் இருந்தாலும் ஒன்றே. என் சிறிய தந்தையார் ஒருநாளாவது தாம் குடித்ததன் சுவையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் குடித்த எதனையும் சுவைத்தவரல்லர். மது அவருக்கு ஒரு வாயிலாகவே இருந்தது. அவ்வாயிலுக்கு அப்பால் என்ன இருந்ததென்று வீட்டில் நாம் ஒருவரும் கேட்கவுமில்லை. நயம் பேசுவோர்மீது எனக்கிருந்த அருவருப்பில் இந்தப் பகுதியைத்தான் திருத்திக்கொண்டேன். சுவைஞனும் குடியனும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாகச் செல்பவர் அல்லர். எதிரெதிர்த் திசையிற் செல்பவர். ஆனால் பாதை வழுக்கலானது என்ற அச்சத்தை நான் கைவிடவில்லை. கைவிடவும் மாட்டேன்.

‘பேர்பன், மென்மை’ என்று பென்சிலால் எழுதிய அந்தத் தாளை ஊருக்குக் கொண்டுவந்து, மதிப்புரைக்கென வரும் நூல்களை அடுக்கும் அலுமாரியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். இப்போது ஒரு நூல் வந்தால், அட்டைக்குத் தாளுறை போட்டுத் தருமாறு வீட்டாரிடம் சொல்கிறேன். முன்னுரையைக் கடைசியிற் படிக்கிறேன். அருகே அதே வகையைச் சேர்ந்த இன்னொரு நூலை வைத்துக்கொள்கிறேன். பின்னர் உறையை நீக்கி, எழுதியவர் யார், எந்த ஊரவர், என்ன பட்டார் என்று தேடுகிறேன். இதனால் என் தீர்ப்புகள் சரியாகிவிட்டன என்று சொல்லத் துணியேன். தவறும்போது தவறியது என் நாவா, என் பழக்கமா என்று பிரித்தறிய முடிகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதை ஒரு முறையேனும் செய்து பார்ப்பார்களாக. அதற்கு விஸ்கி வேண்டியதில்லை. பெயரை மறைத்த இரண்டு கவிதைகள் போதும்.